பெண்ணின் கோப்பு மட்டும் ஏன் தடிமனாக இருக்கிறது?

சென்னையில் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துவரும் தம்பதியிடம் இதுவரை எடுத்த பரிசோதனைகளைக் காட்டச் சொன்னால், பெரும்பாலும் ஒரு தடித்த பிளாஸ்டிக் கோப்பு வெளியே வரும். மாதவாரியாக ஸ்கேன் படங்கள், தைராய்டு, சர்க்கரை, ஹார்மோன் அளவுகள், கருக்குழாய் எக்ஸ்ரே, சிலரிடம் லேப்ராஸ்கோப்பி அறிக்கை. எல்லாம் மனைவியுடையவை. கணவனுடையது ஒரே ஒரு தாளாக இருக்கும். அதுவும் பல வீடுகளில் இரண்டாவது அல்லது மூன்றாவது மருத்துவர் வற்புறுத்திய பிறகு எடுத்ததாக இருக்கும்.

விந்தணுப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, செலவும் மற்ற சோதனைகளோடு ஒப்பிட்டால் சொற்பம். அன்றைக்கோ மறுநாளோ முடிவு தெரிந்துவிடும். குழந்தையின்மையால் வரும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்தில் மட்டுமோ, இருவர் பக்கத்திலும் சேர்ந்தோ ஏதாவது ஒரு குறை இருக்கிறது. அப்படியிருக்க, பாதிக் கேள்விக்கு விடை சொல்லும் சோதனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வயிற்றில் துளையிட்டுப் பார்க்கும் சோதனையை முன்னால் வைக்கிறோம். இந்தத் தலைகீழ் வரிசையால் வீணாவது பணம் மட்டும் அல்ல. பெண்ணின் வயது வீணாகிறது. பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம்.

ஓராண்டு என்கிற கணக்கு

கருத்தடை எதுவும் இல்லாமல், ஒழுங்கான தாம்பத்திய உறவு இருந்தும் 12 மாதங்களில் கரு உண்டாகவில்லை என்றால் அதைக் குழந்தையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார் என்பது அந்நிறுவனம் 2023-இல் வெளியிட்ட மதிப்பீடு. நம் ஊரிலோ கல்யாணமான மூன்றாவது மாதமே "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி வாசலுக்கு வந்துவிடுகிறது. கேட்பவர் அத்தையாக இருக்கலாம், எதிர்வீட்டு மாமியாக இருக்கலாம், அலுவலகத் தோழியாகவும் இருக்கலாம். கேள்வி எப்போதும் பெண்ணிடம்தான் கேட்கப்படுகிறது.

ஓராண்டு என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. பெண் 40 வயதுக்குக் கீழே இருந்தால், முயலும் தம்பதிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு முதல் ஆண்டிலேயே கரு தங்கிவிடுகிறது. மீதிப் பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் ஆண்டில். மனித இனத்தின் கருவுறும் வேகமே அவ்வளவுதான். இருபதுகளில் இருக்கும் ஆரோக்கியமான தம்பதிக்கும் ஒரு மாதத்தில் வாய்ப்பு நாலில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். ஆகவே ஆறு மாதம் ஆகிவிட்டதே என்று 24 வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக அலைய வேண்டியதில்லை.

அதே நேரத்தில் 35 வயதைத் தாண்டிய பெண் ஓராண்டு காத்திருக்கக் கூடாது. அவருக்கு ஆறு மாதம்தான் கணக்கு. மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருபவர், வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர், புற்றுநோய்க்கு மருந்து எடுத்தவர், சிறுவயதில் விரை இறங்காமல் இருந்து அறுவை செய்துகொண்ட ஆண் ஆகியோருக்கு அந்த ஆறு மாதமும் தேவையில்லை. உடனே பார்த்துவிடலாம்.

கருமுட்டை வெளிவந்த பிறகு 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். எனவே கரு உண்டாகக்கூடிய நாட்கள் மாதத்தில் ஆறு. முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். பதினான்காம் நாள் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு 28 நாளைக்கு ஒருமுறை மாதவிடாய் ஆகிறவர்களுக்கு மட்டும் பொருந்தும். 35 நாள் சுழற்சி என்றால் முட்டை ஏறக்குறைய 21-ஆம் நாளில் வரும். கணவர் பெங்களூரில் வேலை பார்த்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார், அல்லது பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகத்தில் ஒருவருக்கு இரவுப்பணி, இன்னொருவருக்குப் பகல்பணி. இப்படிப்பட்டவர்களுக்கு உடலில் எந்தக் குறையும் இல்லாமலேயே மாதங்கள் கைநழுவிப் போகின்றன. இதையும் தாண்டி, உறவே சரிவர நடக்காத தம்பதிகள் இருக்கிறார்கள். வலியால், பயத்தால், களைப்பால். அதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, மாதாமாதம் ஸ்கேனுக்கு மட்டும் வந்துபோகிறவர்களும் உண்டு. கேட்க வேண்டிய முதல் கேள்வியை மருத்துவரும் கேட்பதில்லை என்றால் பிறகு எந்த இயந்திரத்தைக் கொண்டு கண்டுபிடிப்பது?

இடையில் ஒன்று. தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8 என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. இதைக் காட்டி, மாநிலமே குழந்தையின்மையில் மூழ்கிவிட்டது போல விளம்பரங்களும் காணொளிகளும் பேசுகின்றன. இரண்டும் வேறு. ஒன்று போதும் என்று தம்பதிகள் தீர்மானிப்பதும், படித்து வேலைக்குப் போன பிறகு திருமணம் செய்வதும்தான் அந்த எண்ணைப் பெருமளவு தீர்மானிக்கின்றன.

அந்த ஒற்றைத் தாளில் என்ன இருக்கிறது?

ஆண்கள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் எளிது. ஆண்மையையும் விந்தணுவையும் ஒன்றாக நினைக்கிறார்கள். உறவில் எந்தச் சிக்கலும் இல்லாத, ஆரோக்கியமான, மீசை முறுக்கிய ஆணின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். விந்துத் திரவத்தின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவதால், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதேபோல் உறவில் சிரமப்படும் ஆணின் விந்தணு முற்றிலும் நலமாக இருக்கலாம். முதல் குழந்தை இருக்கிறதே, எனக்கு எதற்குச் சோதனை என்று கேட்பவர்களும் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன் இருந்த நிலை இன்றைக்கும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி வேண்டும். மாதிரியை லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அண்ணா சாலை நெரிசலில் சிக்கி, குளிரூட்டப்பட்ட காரின் முன்னிருக்கையில் ஒன்றரை மணி நேரம் கிடந்த மாதிரியின் அறிக்கையை நம்பி யாரும் மனம் உடையத் தேவையில்லை.

அறிக்கையில் 'கவுண்ட்' என்று எல்லோரும் தேடும் எண், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை அணுக்கள் என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு 1.6 கோடியைக் கீழ் எல்லையாகக் குறிக்கிறது. அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ஆம், நான்குதான். நூற்றில் 96 அணுக்கள் வடிவம் பிசகியிருந்தாலும் அது இயல்பின் எல்லைக்குள்தான். இதைத் தெரியாமல் "96 சதவீதம் கோளாறு" என்று படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காத கணவர்கள் இருக்கிறார்கள்.

இந்த எல்லைகள் எப்படி வந்தன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் மாதிரிகளைத் திரட்டி, அவர்களில் மிகக் குறைந்த ஐந்து சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து அதையே கோடாக வைத்தார்கள். ஆகவே இது தேர்வின் பாஸ் மார்க் அல்ல. கோட்டுக்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒருவரின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் பெரிதும் மாறும். முதல் அறிக்கை சரியில்லை என்றால் இன்னொன்று எடுக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள். அது முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாள். அதாவது இன்று வெளிவரும் அணு மூன்று மாதத்துக்கு முந்தைய உடலின் சரக்கு. மூன்று மாதத்துக்கு முன் டெங்குவில் 103 டிகிரி காய்ச்சல் அடித்திருந்தால் அதன் விளைவு இன்றைய தாளில் தெரியும். இன்று சிகரெட்டை நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்துத் தெரியும். அரச மரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பெண்ணைத்தான் கேலி செய்தார்கள். பத்து நாள் மாத்திரை போட்டுவிட்டு மறுபடி லேபுக்கு ஓடும் கணவருக்கும் அது பொருந்தும்.

காரணங்களில் அடிக்கடி அகப்படுவது வெரிகோசில். விரைப்பையின் சிரைகள் வீங்கிப் புடைப்பது. பொதுவாக ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருக்கிறது. குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். இடது விரையின் சிரை செங்குத்தாக ஏறிச் சிறுநீரகச் சிரையில் போய்ச் சேர்வதால் இடப்பக்கம்தான் அதிகம். தேங்கும் இரத்தம் விரையைச் சூடாக்குகிறது என்பது பரவலான விளக்கம். ஆனால் ஸ்கேனில் மட்டும் தெரியும் சின்ன வெரிகோசிலுக்கு அறுவை செய்வதால் பயன் இல்லை. கையால் தொட்டால் தெரிய வேண்டும், விந்தணுவும் குறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் அறுவை பற்றிப் பேசலாம்.

விந்தில் அணுவே இல்லாத நிலை நூறு ஆண்களில் ஒருவருக்கு உண்டு. இதிலும் இரண்டு வகை. உற்பத்தி நன்றாக நடந்து, வழி அடைபட்டிருக்கலாம். பழைய தொற்று, சிறுவயதுக் குடலிறக்க அறுவை, பிறவியிலேயே விந்துநாளம் இல்லாமை. அல்லது உற்பத்தியே நின்றிருக்கலாம். ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது, ஒய் குரோமோசோமில் சிறு துண்டு இல்லாமல் இருப்பது, பருவம் வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரையைத் தாக்கியது. முதல் வகையில் விரையிலிருந்து ஊசியால் அணுவை எடுத்துவிட முடியும். இரண்டாவது வகையிலும் சிலருக்கு நுண்ணோக்கி அறுவையில் சில அணுக்கள் கிடைக்கின்றன. 1992-இல் பெல்ஜியத்தில் வெற்றிகண்ட இக்ஸி முறை, ஒரே ஓர் அணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது. இத்தகைய ஆண்களுக்குத் தந்தையாகும் வழியைத் திறந்தது அதுதான்.

சர்க்கரை நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையில் முப்பத்தைந்து வயதிலேயே மாத்திரை போடுகிறவர்கள் சாதாரணம். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நரம்பைக் கெடுத்து விறைப்பைக் குறைக்கும். சிலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிப் போய்விடும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது வேறு இரண்டு விஷயங்களில். குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட ஊர் லாட்ஜில் தங்கிப் பார்ப்பதாக விளம்பரம் செய்யும் 'பரம்பரை' வைத்தியர்கள் ஒன்று. விந்தணுவே இல்லாதவருக்கும் லேகியம், விறைப்பில்லாதவருக்கும் லேகியம். வைத்தியத்துக்கு முன் சோதனை கிடையாது. இன்னொன்று உடற்பயிற்சிக் கூடங்களில் புழங்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வரும்போது, போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணி மூளை தன் கட்டளையை நிறுத்துகிறது. விரையின் வேலை நின்றுபோகிறது. ஆண்மைக்கென்று போட்டுக்கொண்ட ஊசி அணுக்களின் எண்ணிக்கையைப் பூஜ்ஜியம் வரை இறக்கிவிடும். நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு மீண்டும் வரும். ஆனால் அதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

நீர்க்கட்டி, குழாய் அடைப்பு, வயது

பெண்ணின் பக்கத்துக்கு வருவோம். நீர்க்கட்டி என்று சொல்லாத ஸ்கேன் அறிக்கை இன்று அபூர்வம். இந்தக் கட்டிகள் வெட்டி எடுக்க வேண்டியவை அல்ல. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள்தான் ஸ்கேனில் முத்துமாலைபோல் தெரிகின்றன. மாதவிடாய் தவறுவது, ஆண் ஹார்மோன் மிகுவது, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால்தான் பிசிஓஎஸ், அதாவது நீர்க்கட்டி நோய் என்று சொல்ல வேண்டும். மாதாமாதம் ஒழுங்காகத் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் பெண்ணுக்கு ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து அந்தப் பெயரைச் சூட்டுவது பயமுறுத்தல். உண்மையிலேயே பிசிஓஎஸ் இருந்தால், எடை அதிகமுள்ளவர்கள் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்கிவிடுகிறது. மருந்தில் இன்று முதலிடம் லெட்ரோசோலுக்கு. இதே மருந்தைக் குழந்தையின்மைக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011-இல் இந்திய அரசு தடை போட்டது. சில ஆண்டுகள் கழித்துத் தடை நீங்கியது. குழந்தையின்மைக் காரணங்களில் மிக எளிதில், மிகக் குறைந்த செலவில் சரியாகக்கூடியது இந்த நீர்க்கட்டிதான். ஆனால் பெண்கள் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான்.

குழாய் அடைப்பு அப்படி அல்ல. சினைப்பையிலிருந்து வரும் முட்டையும் மேலேறி வரும் விந்தணுவும் சந்திப்பது கருக்குழாயில். அது இருபுறமும் அடைந்தால் இயற்கையாகக் கரு உண்டாக வழியில்லை. மேற்கு நாடுகளில் இதற்குப் பாலியல் தொற்றுகளை முதலில் சந்தேகிப்பார்கள். இந்தியாவில் காசநோயையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். எப்போதோ நுரையீரலில் தங்கிய கிருமி இரத்தத்தின் வழியே கருக்குழாய்க்கு வந்து, இருமலோ சளியோ இல்லாமல், பல ஆண்டுகள் சத்தமின்றிக் குழாயைத் தழும்பாக்கிவிடுகிறது. குழந்தைக்காகச் சோதிக்கும்போதுதான் வெளிப்படும். காசநோயாளியை மருத்துவ விடுதியில் அடைத்துவைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்தால் குணமாக்கலாம் என்று 1950-களின் இறுதியில் உலகுக்கு நிரூபித்த ஆய்வு நடந்தது இதே சென்னையில். அந்த ஆய்வு மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. மருந்து அரசு மையங்களில் இலவசம். ஆனால் மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, தழும்பான குழாயைத் திறக்காது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை ஒன்று மட்டும் பாசிட்டிவ் என்பதற்காக ஆறு மாத மருந்து எழுதுவது சரியா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கிறது. இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறில்லை.

எண்டோமெட்ரியோசிஸ் என்கிற நோய் உலக அளவில் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு வெளியே, சினைப்பையிலும் குடல்மேலும் வளர்ந்து, ஒவ்வொரு மாதவிடாயிலும் வலியையும் ஒட்டுதலையும் உண்டாக்கும். பதினாறு வயதில் வலியால் சுருண்டு படுக்கும் பெண்ணிடம் "கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்" என்று சொல்லியே பத்து வருடத்தைக் கடத்திவிடுகிறோம். அந்தப் பிள்ளை பிறக்கத் தடையாக நிற்பதே அந்த நோய் என்பது பிறகு தெரியவரும்.

வயதுக்கு வருவோம். ஆண் தினமும் புதிதாக அணுக்களை உருவாக்குகிறான். பெண் பிறக்கும்போதே பத்து முதல் இருபது லட்சம் முட்டைகளோடு பிறந்து, அதையே வாழ்நாள் முழுதும் செலவிடுகிறாள். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிஞ்சும். அதில் நானூறு, ஐந்நூறுதான் மாதம் ஒன்றாக வெளிவரும். மற்றவை தானாக அழியும். 35-க்குப் பிறகு எண்ணிக்கை வேகமாகச் சரிவதோடு, குரோமோசோம்கள் சரியாகப் பிரியாத முட்டைகளின் பங்கும் கூடுகிறது. நாற்பதுகளில் கருச்சிதைவுகள் மிகுவது இதனால்தான்.

இந்தப் பயத்தை விற்பனைப் பொருளாக்கியது ஏஎம்ஹெச் என்கிற ஹார்மோனை அளக்கும் இரத்தச் சோதனை. மீதமிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையை அது ஏறக்குறைய சொல்லும். ஊசி போட்டால் எத்தனை முட்டை வரும் என்று கணிக்க உதவும். முட்டையின் தரத்தை அது சொல்லாது. இயற்கையாகக் கருவுற முடியுமா என்பதையும் சொல்லாது. 30 முதல் 44 வயதுள்ள, அதுவரை குழந்தையின்மைச் சிக்கல் இல்லாத பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், ஏஎம்ஹெச் குறைந்தவர்களும் மற்றவர்களும் ஒரே அளவில்தான் கருவுற்றார்கள். 28 வயதுப் பெண்ணிடம் ஏஎம்ஹெச் குறைவு என்ற ஒரே காரணத்தைச் சொல்லி உடனே ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சை என்றால், ஏன் என்று கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

பத்து முட்டை, ஒரு குழந்தை

வடபழனியிலிருந்து தாம்பரம் வரை பிரதான சாலைகளில் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளில் சிரிக்கும் குழந்தைகளைப் பார்த்தால், சோதனைக்குழாய்க் குழந்தை என்பது பணம் கட்டினால் வாங்கிவரும் பொருளோ என்று தோன்றும். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் பிறந்தது. அடுத்த சில வாரங்களில், அக்டோபர் 3-ஆம் தேதி, கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் இன்னொரு பெண் குழந்தை பிறந்தாள். அதிகாரிகள் அவரை நம்பவில்லை. ஏளனம் செய்து அலைக்கழித்தார்கள். 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பின்னாளில்தான் அவரது பணி ஏற்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில், டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் பிறந்தது.

ஐவிஎஃபுக்கு முன்னால் படிகள் உண்டு. முட்டை வெளிவர மாத்திரை. பிறகு ஐயூஐ, அதாவது சுத்தம் செய்த விந்தணுவைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவது. ஐயூஐ ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து, பதினைந்து சதவீதம் பலன் தரும். குழாய் அடைந்தவருக்கும் விந்தணு எண்ணிக்கை மிகக் குறைந்தவருக்கும் ஐயூஐ செய்வதில் பொருளில்லை. கணவரின் அறிக்கையைப் பார்க்காமலே மூன்று நான்கு ஐயூஐ செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள் என்றால் வரிசை தலைகீழாவதன் விலை புரியும்.

ஐவிஎஃபில் பத்துப் பன்னிரண்டு நாள் தினசரி ஊசி. முட்டைகள் வளர்ந்ததும் கடைசி ஊசி போட்டு, சுமார் 36 மணி நேரத்தில் மயக்கத்தில் வைத்து முட்டை எடுப்பார்கள். பத்து முட்டை கிடைத்தது என்று வீட்டில் இனிப்பு வாங்குவார்கள். அதில் எட்டு முதிர்ந்திருக்கும், ஆறு கருவுறும், ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடிப்பவை இரண்டோ மூன்றோ. அந்த இரண்டு மூன்றிலும் குரோமோசோம் பிழை இருக்கலாம். பிரிட்டனில் இந்த மையங்களை மேற்பார்வையிடும் ஆணையம் வயதுவாரியாக வெளியிடும் கணக்கின்படி, 35 வயதுக்குட்பட்டவர்களின் கருப்பைக்குள் வைக்கப்படும் கருக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் குழந்தையாகிறது. 43, 44 வயதில் சொந்த முட்டை என்றால் அது இருபதில் ஒன்று என்ற அளவுக்குச் சரிகிறது.

சென்னையில் ஒரு மையம் 'எழுபது சதவீத வெற்றி' என்று சொன்னால் கேட்க வேண்டியது: எதன் வெற்றி? இரத்தச் சோதனை பாசிட்டிவ் ஆனதா, ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்ததா, குழந்தை பிறந்ததா? எந்த வயதுப் பெண்களில்? தானமுட்டைகளையும் சேர்த்தா? தொடங்கிய எல்லாச் சுற்றுகளிலுமா, கரு வைக்கும் கட்டம் வரை வந்தவர்களில் மட்டுமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் மருத்துவரிடம் போகலாம். கருப்பையைச் சுரண்டுவது, இரத்தத்தட்டணுத் திரவம் செலுத்துவது, எதிர்ப்புச் சக்திக்கென்று ஊசி போடுவது போன்ற கூடுதல் சேவைகளுக்கும் இதே கேள்விகள் வேண்டும்; இவற்றால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதற்கு உறுதியான சான்று இல்லை. கரு வைத்த பிறகு பதினான்கு நாள் படுத்த படுக்கையாக வைத்திருப்பதும் அப்படித்தான். மாமியார் அன்பாகச் சொல்லலாம். நடமாடினால் கரு விழுந்துவிடாது.

சட்டமும் செலவும்

கருத்தரிப்புச் சிகிச்சைக்கென்று தனிச் சட்டம் 2021-இல்தான் வந்தது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்ணுக்கு 50 வயதுக்கு மேலும் ஆணுக்கு 55 வயதுக்கு மேலும் சிகிச்சை தரக் கூடாது. முட்டை தானம் செய்பவருக்கு வயது 23 முதல் 35. வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் தானம் செய்யலாம். அப்போதும் ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. இந்த விதி எவ்வளவு தேவை என்பதை அதே ஆண்டு ஈரோட்டில் வெளிவந்த வழக்கு காட்டியது. 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதாரில் வயதுகூட்டிப் பலமுறை கருமுட்டை எடுத்து விற்றிருந்தார்கள். தானமுட்டையோடு சிகிச்சை எடுக்கும் தம்பதி, அந்த முட்டை பதிவுபெற்ற வங்கி வழியாக வந்ததா என்று கேட்பது தங்களுக்காக மட்டும் அல்ல.

செலவு ஒரு சுற்றுக்கு லட்சங்களில் போகிறது. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இதை ஏற்பதில்லை. நகையை அடகு வைத்து, கிராமத்து நிலத்தை விற்று, வாரக்கணக்கில் மருத்துவமனை அருகே அறை எடுத்துத் தங்கும் தம்பதிகளைச் சென்னையின் எந்தப் பெரிய மையத்துக்கு அருகிலும் பார்க்கலாம். 1844-இல் தொடங்கிய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அண்மையில் அரசின் கருத்தரிப்பு மையம் தொடங்கப்பட்டிருக்கிறது. தாமதமாக வந்தாலும் வரவேற்க வேண்டியது. ஆனால் ஐவிஎஃப் வரை போகத் தேவையில்லாத பெரும்பான்மையோருக்கு வேண்டியது, மாவட்ட மருத்துவமனையில் முதல் வருகையிலேயே இருவருக்கும் சேர்த்துச் செய்யும் அடிப்படைச் சோதனைகள்: கணவருக்கு விந்தணு, மனைவிக்கு மாதவிடாய் வரலாறு, தைராய்டு, ஒரு ஸ்கேன், தேவைப்பட்டால் குழாய் எக்ஸ்ரே. ஒன்றிரண்டு மாதத்தில் முடிந்துவிடக்கூடிய வேலை இது.

எல்லாம் செய்தும் குழந்தை உண்டாகாதவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சோதனையிலும் காரணம் அகப்படாதவர்களும் ஒரு கணிசமான பங்கு. நான்காவது, ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு நிறுத்தலாமா என்று மருத்துவரே பேச்செடுப்பது நம் ஊரில் அரிது. தத்தெடுப்பது பற்றி அப்போதுதான் வீட்டில் பேச்சு வருகிறது. அங்கேயும் வயது குறுக்கே நிற்கும். 2022 விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. கணவருக்கு 45, மனைவிக்கு 41 என்றால் அந்த வரிசையில் இடம் இல்லை. அதைவிடப் பெரிய குழந்தைகளுக்குத்தான் பதிவு செய்ய முடியும். பதிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே தத்தெடுப்புக்கும் பதிவு செய்துவைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் போதும்.